ஒரு பைசாவுக்கு அறிவு கொடுத்த பண்டிதர்

விசாகத் திருநாள் வந்தால் பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரையில் கூட்டம் நெருக்கியடிக்கும். செராசிலிருந்தும் நம்மவர் குடும்பத்தோடு போய் விளக்கேற்றிவிட்டு வருகிறார்கள். புத்தர் சீனருக்கும் சிங்களவருக்கும் உரிய சாமி, நமக்கென்ன சம்பந்தம் என்று கேட்பவர்களும் உண்டு. நிறையச் சம்பந்தம் உண்டு என்று அடித்துச் சொன்ன ஒரு தமிழரைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். அவர்தான் அயோத்திதாசப் பண்டிதர்.

1845 மே 20இல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் வைத்தியமும் கற்றுத் தந்த ஆசிரியரின் பெயரையே பின்னால் தம் பெயராக வைத்துக்கொண்டார். குரு பக்தி என்றால் அதுவல்லவா! தாத்தா கந்தப்பன் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் வேலை பார்த்தவர். அவர் வீட்டில் காப்பாற்றி வைத்திருந்த திருக்குறள் ஏடுதான் எல்லிஸ் துரையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். தாழ்ந்தவன் என்று ஊர் ஒதுக்கிய வீட்டில் குறள் இருந்திருக்கிறது, பார்த்தீர்களா?

காப்பியும் தேயிலையும் விளைகிற நீலகிரியில் வளர்ந்தவர் அவர். 1891இல் அங்கே திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னையில் பெரிய மனிதர்கள் கூடிய கூட்டத்தில் எழுந்து நின்றார். எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு வேண்டும், சும்மா கிடக்கிற நிலத்தை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும், கோயிலுக்குள் எங்களையும் விட வேண்டும் என்று கேட்டார். கோயில் பேச்சை எடுத்ததுமே சபையில் கூச்சல் கிளம்பிவிட்டது. சாமி எல்லோருக்கும் பொது என்றால் வாசலில் ஏன் தடை? இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

பழைய ஏடுகளைப் புரட்டினார். தமிழ் மண்ணில் ஒரு காலத்தில் பௌத்தம் செழித்திருந்தது, ஒதுக்கப்பட்ட மக்களே அந்தப் பூர்வ பௌத்தர்கள் என்ற முடிவுக்கு வந்தார். 1898இல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய், சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை ஆரம்பித்தார்.

கொல்லாமை, திருடாமை, பிறர்மனை நாடாமை, பொய் பேசாமை, கள் குடியாமை. இவைதான் அந்த ஐந்து சீலங்கள். கடைசிச் சீலம் நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. சம்பள நாளன்று கள்ளுக்கடைக்கும் சம்சுக்கும் போன காசு எத்தனை பிள்ளைகளின் படிப்பைத் தின்றது என்று நம் தாய்மாரைக் கேட்டால் தெரியும்.

1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. கூலிக்காரனும் வாங்க வேண்டும் என்றுதான் ஒரு பைசா விலை. வைத்தியம், விவசாயம், சரித்திரம், நாட்டு நடப்பு எல்லாம் அதில் வந்தன. பண்டிகைகளுக்கும் புதுக் கதை சொன்னார். பௌத்த முனிவர்கள் எள்ளிலிருந்து எண்ணெய் எடுத்து, அதன் குணத்தை மக்களுக்குக் காட்டிய நாளே தீபாவளி என்றார். இதைப் படித்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் யாரையோ கொன்ற நாள் என்பதை விட, எண்ணெய் கண்ட நாள் என்பது உழைக்கிறவன் மனசுக்கு இதமாக இல்லையா?

அவருக்குத் தோள் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள். பூமிக்கடியில் உழைத்த அந்தத் தமிழர்கள் தங்கள் ஊரிலும் சங்கம் வைத்தார்கள். கடல் தாண்டி ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிளைகள் எழுந்தன. 1914 மே 5இல் பண்டிதர் காலமானார். பிறகு பல ஆண்டுகள் நாடு அவரை மறந்தே போயிருந்தது. 2005இல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. தாம்பரத்தில் உள்ள சித்த மருத்துவமனைக்கும் அவர் பெயர்தான்.

நம் முன்னோர்கள் கப்பலேறியபோது சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். லயத்துக்கு லயம் அது தெரிந்தது. இன்று செராஸ் பக்கத்துத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, லயங்களும் போய்விட்டன. அடுக்குமாடி வீட்டுக்கு மாறியவர்களிலும் சிலர் கல்யாணப் பேச்சு வந்தால் அந்தப் பழைய மூட்டையைத்தான் அவிழ்க்கிறார்கள். மரம் சீவிய கைக்கு என்ன சாதி? பண்டிதர் கேட்ட கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அடுத்த கல்யாணப் பேச்சில் பெண்ணின் குணத்தையும் பையனின் பழக்கத்தையும் மட்டும் விசாரியுங்கள். அதுவே அவருக்கு நாம் ஏற்றும் விளக்கு.