ஆறில்லா நாடும் ஆறுமுகம் அவர்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெருகிக் கோடையிற் பெயரளவில் நிற்கும் வழுக்கையாற்றை ஆறென்று சொல்வது நம் ஊர்ப்பற்றின் பாற்பட்டது. ஆறில்லாத ஊரை ஔவையார் எவற்றோடு சேர்த்து எண்ணினார் என்பதை நல்வழி கற்ற சிறுவரும் அறிவர். நிலத்தின் கீழ்க் கிடக்கும் சுண்ணக்கல்லே நமக்கு நீர்க்களஞ்சியம். அதன் வெடிப்புகளில் இறங்கும் மாரிநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படலமாய் மிதந்து நிற்கிறது. அளவு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். இத்தகைய நாட்டுக்கு ஓர் ஆற்றையே ஆக்கித் தர முயன்ற பெரியார் ஒருவரைப் பற்றி ஈண்டு எழுதப் புகுந்தேன்.

சண்முகம் ஆறுமுகம் அவர்கள் 1905ஆம் ஆண்டு நல்லூரிலே பிறந்தவர். பொறியியல் கற்று, நீர்ப்பாசனத் திணைக்களத்திற் சேர்ந்து, அதன் பிரதிப் பணிப்பாளராக உயர்ந்தார். இலங்கையின் நீர்வளத்தைப் பற்றி 1969இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல் இன்றும் அத்துறையினரால் மதிக்கப்படுவது. எனினும் நம்மவர் அவர் பெயரை நினைப்பது ஆனையிறவுத் திட்டத்தாலேயே.

கடனீரேரிகளை நன்னீராக்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு முன்னரே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஏசண்டராக நெடுங்காலம் இருந்த துவைனந்துரை அதனை எண்ணினார். பின்னர்ச் சட்டநிரூபண சபையில் இருந்த பாலசிங்கம் அவர்கள் வலியுறுத்தினார். தொண்டைமானாற்றுத் தடுப்பணை 1947இல் தொடங்கி 1953இல் முடிந்தது. சிதறிக் கிடந்த இவ்வெண்ணங்களை 1954இல் ஒரே மாலையாகக் கோத்தவர் ஆறுமுகம் அவர்கள். வன்னியில் ஏறத்தாழ 940 சதுர கிலோமீற்றர் பரப்பிற் பெய்யும் மழைநீர், கனகராயன் ஆறு முதலியவற்றின் வழியே ஆனையிறவுக் கடனீரேரியில் விழுந்து, சுண்டிக்குளத்தாற் கடலுக்குப் போய்விடுகிறது. சுண்டிக்குளத்தில் அணையும் வானும் கட்டி, மேற்கே ஆனையிறவிலும் கடல்வாயை அடைத்துவிட்டால், அவ்வேரி நாளடைவில் நன்னீர்க் குளமாகும். முள்ளியானில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால், அந்நீர் வடமராட்சிக் கடனீரேரியிற் பாயும். அதன் வாயைத் தொண்டைமானாற்றுக் கதவுகள் காக்கும். உப்பாற்றுக் கடனீரேரியின் வாயை அரியாலைத் தடுப்பணை காக்கும். ஏரிகளில் நிற்கும் நன்னீர் சுண்ணக்கல்லிற் கசிந்து நம் கிணறுகளை வந்தடையும். மதுரைக்கும் தஞ்சைக்கும் இயற்கை கொடுத்ததை இங்கே கணக்காற் கொண்டுவரும் முயற்சி இது.

கட்டடம் மதிப்பிடுவோர் கல், மண், சீமெந்து, கூலி என்பவற்றை எண்ணுவர். ஒப்பந்தக்காரரின் ஆதாயத்தையும் கூட்டுவர். செய்ததையே மீண்டும் செய்ய நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அக்கணக்கிலே பெரும்பாலும் இடமிருப்பதில்லை. தொண்டைமானாறு இதற்கு நல்ல பாடம். அங்கே கதவுகள் மரப்பலகையால் ஆனவை. உவர்நீரும் உப்புக்காற்றும் பலகையை என்ன செய்யும் என்பது நம் கரையோரத்து ஓடாவிகளுக்குத் தெரியாததன்று. பலகை உளுத்தது; கடல்நீர் ஒழுகி உட்புகுந்தது. புதுப்பலகையின் விலை பெரிதன்று. ஆயின் இழப்பு பலகையோடு நிற்கவில்லை. ஏரியின் அடிமண்ணில் ஊறிய உப்பு ஒரு மாரியிற் போகாது. மழைநீர் அதனைக் கரைக்க, அந்நீரைக் கடலுக்கு விட்டு, மழை ஓயுமுன் கதவை அடைத்து, இப்படியே பல ஆண்டுகள் செய்தாலன்றி நீர் இனியாது. ஒரு கோடையில் கதவு ஒழுகினால் பல மாரிகளின் பயன் கழிந்துபோம். பலகையின் விலையை எழுதலாம். கழிந்த மாரிகளை எந்த நிரலில் எழுதுவது?

ஆனையிறவு வேலை 1960களில் நடைபெற்றது. சுண்டிக்குளத்து அணை எழுந்தது. முள்ளியான் வாய்க்காலோ பணம் இன்மையால் முடிவுபெறாது நின்றது. பின்னர் வெள்ளம் வந்து சுண்டிக்குளத்து அணையை உடைத்தது. உவர் மீண்டும் உள்ளே வந்தது. முழுதும் முடிந்தாலன்றிப் பயன் தராத வேலையை முக்காலில் நிறுத்துவதைச் சிக்கனம் என்று சொல்ல நான் ஒருப்படேன். நின்றுபோன வேலை நின்ற இடத்திலே காத்திராது. வெயிலும் வெள்ளமும் அதனைப் பின்னோக்கி இழுக்கும். பிறகு தொடங்குபவன் மிச்சமுள்ள காற்பங்கை மட்டுமன்றி, சிதைந்த பங்கையும் புதிய விலையிற் செய்யவேண்டும்.

தமிழ் கற்பிப்போனாகிய எனக்கு ஆறுமுகம் அவர்கள் நெருக்கமானது, ஈழத்துப் பழைய இந்துக் கோயில்களைப் பற்றி அவர் எழுதிய நூலாலே. ஓய்வுபெற்ற பொறியியலார் ஒருவர் கோயில் வரலாற்றிற் புகுந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். எனக்கு அது இயல்பாகவே தோன்றுகிறது. திருக்கேதீச்சரமும் திருக்கோணேச்சரமும் போர்த்துக்கீசரால் இடிக்கப்பட்டவை. கோணேசர் கோயிற் கற்கள் திருகோணமலைக் கோட்டைக்குப் போயின. அக்கோயில்கள் மீண்டும் எழ நூற்றாண்டுகள் கழிந்தன. இடிந்ததை மறுபடி கட்டுவதன் அருமையை அணையிலும் ஆலயத்திலும் ஒருங்கே கண்டவர் அவர்.

2000ஆம் ஆண்டு அவர் காலமானார். அவ்வாண்டு ஆனையிறவு போர்க்களமாயிருந்தது. வாய்க்காலை நினைப்பார் எவருமிலர். 2009இற் போர் ஓய்ந்த பின்னர்த் தொண்டைமானாற்றுக் கதவுகள் புதுப்பிக்கப்பட்டன. குடாநாட்டுக்குக் குடிநீர் தர இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுவரும் திட்டம் வகுக்கப்பட்டு, கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தமையால் அது மாற்றப்பட்டது. நெல்லுக்கு நீர் வேண்டி நின்றவர்களின் அச்சத்தைத் திட்டம் வகுத்தோர் முதலிலேயே மதிப்பிட்டிருத்தல் வேண்டும். ஈற்றில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியிற் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. அதற்கு மின்சாரம் நாள்தோறும் வேண்டும். தாளையடி உள்ள அதே வடமராட்சி கிழக்கிலேதான் முள்ளியானும் இருக்கிறது.