தேசிங்கு ராஜன்

தேசிங்கு ராஜன் (இறப்பு: அக்டோபர் 3, 1714) செஞ்சிக் கோட்டையைப் பத்து மாதங்களே ஆண்ட இராசபுத்திர மன்னர் ஆவார். இவரது இயற்பெயர் தேஜ் சிங். தமிழ் நாட்டார் வழக்கில் இப்பெயர் தேசிங்கு எனத் திரிந்தது.

பின்னணி

1698-ல் சுல்பிகார் கானின் முகலாயப் படை மராத்தியரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றியது. பின்னர், பந்தேல்கண்டைச் சேர்ந்த சரூப் சிங்கை ஔரங்கசீப் இங்கே கோட்டைத் தலைவராக அமர்த்தினார். 1714-ல் சரூப் சிங் இறந்தபின் அவர் மகன் தேஜ் சிங் பொறுப்பேற்றார்.

ஆற்காட்டு நவாபுடன் பூசல்

சரூப் சிங் பல ஆண்டுகளாக வரிப்பணம் செலுத்தவில்லை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் அந்த நிலுவையைக் கேட்டார். முகலாயப் பதவிகள் தந்தை வழியே தாமாக வருவன அல்ல. புதிய பேரரசரின் ஒப்புதல் தேவை. ஆகவே நவாபின் வாதம் சட்டப்படி வலுவற்றதன்று. தேசிங்கோ, செஞ்சி தன் தந்தைக்குப் பேரரசர் அளித்தது என்று கூறிப் பணியவும் பணம் தரவும் மறுத்தார். கதைப்பாடல்கள் இவ்வழக்கை விட்டுவிட்டு வீரத்தையே பாடுகின்றன.

இறுதிப் போர்

நவாபின் பெரும்படையைத் தேசிங்கு சில நூறு குதிரை வீரர்களுடன் எதிர்கொண்டார். கோட்டைக்குள் இருந்து முற்றுகையைத் தாங்கியிருக்கலாம். செஞ்சி முன்பு சுல்பிகார் கானையே பல ஆண்டுகள் காக்க வைத்த கோட்டை. ஆயினும் அவர் வெளியே சென்று போரிட்டு மாண்டார். அப்போது அவருக்கு வயது சுமார் 22. உற்ற நண்பர் முகமத் கானும் (கதைப்பாடலில் மோவுத்துக்காரன்) அதே போரில் இறந்தார். திருமணக் கோலத்தில் இருந்த அவர் செய்தி கேட்டு வழுதாவூரிலிருந்து விரைந்து வந்ததாகக் கதைப்பாடல் கூறும். சிங்கவரம் அரங்கநாதர் போருக்கு விடைதராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதும் செவிவழிச் செய்தியே.

நினைவிடங்கள்

கோட்டையிலுள்ள செட்டிகுளத்தின் அருகே தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டது. அவர் மனைவியும் உடன்கட்டை ஏறினார். அப்பெண்ணின் நினைவாகவே நவாப் பாலாற்றின் மறுகரையில் இராணிப்பேட்டையை அமைத்தார் என்பர். 2019 முதல் அவ்வூர் ஒரு மாவட்டத்தின் தலைநகராகவும் உள்ளது. முகமத் கானின் கல்லறையும் தேசிங்கின் குதிரையினுடையதெனக் கருதப்படும் கல்லறையும் நீலாம்பூண்டியில் உள்ளன.

தேசிங்கு ராஜன் கதை தெருக்கூத்திலும் நடிக்கப்படுகிறது. எம். ஜி. ஆர். நடித்த ராஜா தேசிங்கு திரைப்படம் 1960-ல் வெளிவந்தது.