25 கிலோ தபாலுடன் பறந்த ஜே.ஆர்.டி. டாடா... விமானத்துக்கு எடைக் கணக்கு ஏன் முக்கியம்?

திருவண்ணாமலை தீபத் திருவிழாவில் கரும்புத் தொட்டிலைப் பார்த்திருப்பீர்கள். வேண்டிப் பெற்ற குழந்தையைத் தொட்டிலில் போட்டு, கரும்பின் இரு முனைகளையும் ஆளுக்கொரு பக்கம் தோளில் சுமந்து மாட வீதி சுற்றுவார்கள். தொட்டில் நடுவில் இருந்தால் பாரம் சமம். ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தத் தோள் வலிக்கும். எடை மாறவே இல்லை, இடம்தான் மாறியது.

விமானத்துக்கும் இதே கணக்குதான். அதை நம்பியே பறந்தவர் ஜே.ஆர்.டி. டாடா.

முதல் லைசென்ஸ்

1904-ல் பாரிஸில் பிறந்த டாடா, 1929 பிப்ரவரி 10-ல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் பைலட் லைசென்ஸைப் பெற்றார். அப்போது வயது 24.

1930-ல் இந்தியா - இங்கிலாந்து இடையே தனியாகப் பறக்கும் ஆகா கான் போட்டி. வழியில் எகிப்தில், எதிர்த் திசையில் வந்த போட்டியாளர் ஆஸ்பி இன்ஜினியருக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது. தன்னிடம் இருந்த உபரி பிளக்குகளைக் கொடுத்தார் டாடா. சில மணி நேர வித்தியாசத்தில் ஜெயித்தது ஆஸ்பி!

1932: கராச்சி டு மெட்ராஸ்

அக்டோபர் 15. ஒற்றை இன்ஜின் 'புஸ் மோத்' விமானத்தில் சுமார் 25 கிலோ தபாலுடன் கராச்சியில் கிளம்பி, அகமதாபாத்தில் இறங்கி, பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட்.

வெறும் 25 கிலோவா?

விமானத்தின் காலி எடை, பைலட், எரிபொருள், சரக்கு எல்லாம் சேர்ந்து 'அதிகபட்ச டேக்-ஆஃப் எடை'யைத் தாண்டக் கூடாது. எரிபொருள் கூடினால் சரக்கு குறையணும். நடுவில் இறங்கி நிரப்பினால், மொத்த எரிபொருளையும் முதலிலேயே சுமக்க வேண்டாம். வெயில் நேரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், மேலே எழும்ப ஓடுபாதையும் அதிகம் வேண்டும்.

அடுத்தது 'ஈர்ப்பு மையம்'. மூக்குப் பக்கம் பாரம் கூடினால் விமானம் எழும்பத் திணறும். வால் பக்கம் கூடினால் மூக்கு தூக்கி, வேகம் இழந்து விழும் ஆபத்து உண்டு.

78 வயதிலும் காக்பிட்டில்

அந்தத் தபால் சேவைதான் 1946-ல் ஏர் இந்தியா ஆனது. 1953-ல் அரசுடைமையானது. 1982-ல், 78 வயதில், அதே கராச்சி - பம்பாய் பாதையில் மீண்டும் தனியாகப் பறந்தார் டாடா. 1992-ல் பாரத ரத்னா கிடைத்தது. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார்.

அடுத்த முறை சின்ன விமானத்தில் போகும்போது, காலி சீட் இருந்தும் மாறி உட்கார விடவில்லையா? கோபப்படாதீங்க. கரும்புத் தொட்டிலை நினைச்சுக்கோங்க!