நல்லூர்த் தேரடியும் யோகர் சுவாமிகளும்



திருக்கேதீச்சரம் பாழடைந்து காடு மூடிக் கிடந்த காலத்தில், அத்தலத்தை மீட்டெடுக்க வேண்டும் என்று நல்லைநகர் ஆறுமுக நாவலர் பெருமான் சைவ மக்களைத் தட்டியெழுப்பி எழுதிய ஆண்டு 1872. மன்னார்ச் சைவர்கள் மறக்கக் கூடாத ஆண்டு அது. அதே 1872 ஆம் ஆண்டு மே மாதத்தில் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்திலே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பின்னாளில் யோகர் சுவாமிகள் என்று உலகம் அறிந்த ஞானி அவரே. வெண்தாடியும் நீறு பூசிய நெற்றியுமாக அமர்ந்திருக்கும் அவருடைய படத்தை எமது பகுதிச் சைவ வீடுகள் பலவற்றின் சுவாமி அறையில் காணலாம். படத்தை வைத்திருக்கும் எல்லோருக்கும் அவர் ஞானியானது எப்படி என்பது தெரியுமோ என்றால் சந்தேகமே. அது எளிதான கதை அன்று. ஒரு கடுமையான குருவிடம் அகப்பட்டுக்கொண்டவரின் கதை அது.

சுவாமிகளின் தந்தையார் அம்பலவாணர். தாயார் இவருடைய சிறுபராயத்திலேயே காலமானார். பின்பு உறவினர் பராமரிப்பில் வளர்ந்து, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் கல்வி கற்றார். கத்தோலிக்கப் பாதிரிமார் நடத்திய கல்லூரி அது. கத்தோலிக்க மக்களோடு அயலவராய் வாழும் மன்னார்க்காரருக்கு இது புதுமையாகத் தோன்றாது. வேதாகமத்தை நன்கு அறிந்தவராகவே சுவாமிகள் கடைசி வரை விளங்கினார்.

படித்து முடித்ததும் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. கிளிநொச்சியில் இரணைமடு நீர்ப்பாசன வேலைப் பகுதியில் ஸ்ரோர் கீப்பர், அதாவது களஞ்சியக் காப்பாளர். எமது கட்டுக்கரைக் குளத்தைப் போல இரணைமடுவும் வெள்ளைக்காரர் காலத்தில் வேலை நடந்த குளம். காடும் மலேரியாக் காய்ச்சலும் நிறைந்த அந்த இடத்தில் மண்வெட்டி, கடப்பாரை முதலான சாமான்களுக்கெல்லாம் அவரே பொறுப்பு. களஞ்சியப் பொறுப்பு என்றால் என்னவென்று அரசாங்கக் கந்தோரில் வேலை செய்த எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். புத்தகத்தில் உள்ள இருப்பும் கையில் உள்ள இருப்பும் ஒத்துவர வேண்டும். ஓர் ஆணி குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும். அப்படிக் கணக்கோடும் ஒழுங்கோடும் பழகிய ஒருவர் பிற்பாடு எந்தக் கணக்குக்கும் அடங்காத ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார் என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பானது.

1897 ஆம் ஆண்டு தை மாதத்தில் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்து சொற்பொழிவாற்றினார். அதைக் கேட்டவர்களில் இந்த இளைஞரும் ஒருவர். தியானமும் பிரமசரியமுமாக அவருடைய நாட்கள் கழிந்தன. ஆனால் வழிகாட்ட ஒருவர் வேண்டுமே. அவர் நல்லூரில் இருந்தார்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியிலே, வில்வமரத்தின் கீழ், கந்தல் வேட்டியோடு ஒருவர் இருப்பார். தனக்குத்தானே பேசுவார், சிரிப்பார், போவோர் வருவோரை ஏசுவார். ஊரார் அவரை விசர்ச் செல்லப்பா என்றனர். சிறுவர்கள் பகிடி பண்ணினர். ஒருகாலத்தில் அவரும் யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்தவர்தான். யாழ்ப்பாணப் பெரிய கடை வீதியில் திரிந்த கடையிற் சுவாமிகளின் அருள் அவருக்குக் கிட்டியது. அதன்பின் உத்தியோகம் போயிற்று, தேரடியே வீடாயிற்று. அவர் ஞானி என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அறிந்து கும்பிட வந்தவர்களையும் அவர் விடுவதில்லை. காலில் விழ வந்தால் ஏச்சு. காணிக்கை கொண்டு வந்தால் அதற்கும் ஏச்சு.

பிச்சை எடுத்த அரிசியைத் தானே காய்ச்சுவார். கறி நல்ல பதமாக வந்து வாசனை எழும் வேளையில், நாக்கில் ஆசை ஊறுகிறது என்று கண்டால் பானையை அப்படியே போட்டு உடைத்துவிட்டுப் பட்டினி கிடப்பார் என்று அடியார்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். சுற்றி நின்றவர்களுக்கு அது விசரன் செய்கை. உற்று நோக்கியவர்களுக்கு மாத்திரம் அது பாடம்.

1905 ஆம் ஆண்டளவில் நம் களஞ்சியக் காப்பாளர் அந்தத் தேரடியைக் கடந்து போனார். செல்லப்பா சுவாமிகள் அவரைப் பார்த்து, நீ யார் என்று அதட்டிக் கேட்டார். சாதாரணமாக யாரும் கேட்கும் கேள்விதான். பெயரைச் சொல்லலாம், ஊரைச் சொல்லலாம், உத்தியோகத்தைச் சொல்லலாம். ஆனால் அந்தக் கேள்வி வந்த விதத்தில் அவருடைய வாய் அடைத்துப் போயிற்று. அன்றிலிருந்து விடுமுறை கிடைக்கும் போதெல்லாம் கிளிநொச்சியிலிருந்து நல்லூருக்கு ஓடி வரலானார். சில ஆண்டுகளில் உத்தியோகத்தையே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

இங்கே வாசகர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அந்தக் காலத்தில் அரசாங்க உத்தியோகம் என்பது எத்தனை பெரிய பேறு! அதைத் துறந்து வந்தவருக்குத் தேரடியில் கிடைத்தது என்ன? ஏச்சு, பட்டினி, உச்சி வெயில். குரு எதையும் விளக்கிச் சொல்வதில்லை. சாத்திரம் படிப்பிப்பதில்லை. இன்று சொன்னதை நாளைக்கு மறுத்துப் பேசுவார். கிட்ட வா என்பார், வந்ததும் துரத்துவார். நான் விசரன் ஒருவனை நம்பி வாழ்க்கையை இழந்துவிட்டேனோ என்ற சந்தேகம் எந்த மாணாக்கனுக்கும் வராமல் இருக்குமா? வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். சந்தேகமே இல்லாதவர் என்று பெரியோரை எழுதுவது நமது வழக்கமாகிவிட்டது. அப்படி எழுதினால் அவர்கள் தாங்கிய பாரம் நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

செல்லப்பா சுவாமிகளைத் தேடி வந்தவர்களும் ஒரே தரத்தினர் அல்லர். கொழும்புத்துறை விதானையார் துரையப்பா ஊரிலே அதிகாரம் உள்ளவர். கதிர்வேலு என்ற இன்னொரு சீடர் தவத்தில் தீவிரம் உள்ளவர். நம்முடையவர் கணக்கெழுதிய உத்தியோகத்தர். இவர்களுக்கெல்லாம் ஒரே பாடத்தை ஒரே விதமாகச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் அல்லர் அவர்.

ஒருமுறை யோகரையும் கதிர்வேலுவையும் ஒன்றாக இருத்தி நாற்பது நாள் தவம் செய்யும்படி பணித்தார் என்று சொல்லப்படுகிறது. தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் இருவரும் அமர்ந்தனர். ஆகாரம் இல்லை; தேத்தண்ணீர் மாத்திரம். நாற்பது நாள் என்பது சொல்லுக்கு எளிது. கந்தசஷ்டி விரதத்தில் ஆறு நாள் இருந்து பார்த்தவர்களுக்கு அதன் கனம் புரியும். உடல் வற்றி, கண் குழிந்து, நாற்பதாம் நாளும் வந்தது. இனிக் குருநாதர் அழைத்து அருகிருத்தி உபதேசம் செய்வார் என்று எவரும் எதிர்பார்ப்பர். செல்லப்பா சுவாமிகளோ அவர்களுக்கென்று இருந்ததை நிலத்தில் ஊற்றிவிட்டு, ஒரே தறியில் இரண்டு யானைகளைக் கட்ட முடியாது என்ற கருத்துப்படச் சொல்லி இருவரையும் விரட்டிவிட்டார். வாழ்த்தும் இல்லை, விபூதியும் இல்லை. கூட இருந்த இருவரும் பிரிந்து போகவேண்டியதாயிற்று.

இந்தச் சம்பவத்தை நான் முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்குக் கோபமே வந்தது. ஒரு பாடசாலை ஆசிரியர் இப்படிச் செய்தால் பெற்றோர் சும்மா விடுவார்களா? வயது போகப் போகத்தான் அந்த யானைக் கதை கொஞ்சம் விளங்கியது. குறை அந்தச் சீடர்களிடம் இருந்ததால் விரட்டவில்லை. இருவரும் பெரியவர்கள், ஒருவர் நிழலில் மற்றவர் நின்றால் இருவருமே வளரமாட்டார்கள். குருவைச் சுற்றிக் கூட்டமாக நிற்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்தையும் பானையை உடைத்தது போல உடைத்துவிட்டார்.

இதை எழுதும்போது ஒன்றையும் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. ஏசுகிறவரெல்லாம் ஞானி என்றும், அடிக்கிறவரெல்லாம் குரு என்றும் நம்பி ஏமாந்த குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் சந்தேகப்படுவது பாவம் ஆகாது. புத்தி உள்ளவர் செய்ய வேண்டியது அதுதான். செல்லப்பா சுவாமிகளிடம் பார்க்க வேண்டியது அவருடைய கடுமை எவருக்குப் பயன்பட்டது என்பதையே. அவர் யாரிடமும் ஒரு சதம் வாங்கி வைத்தவர் அல்லர். மடம் கட்டவில்லை, பேர் எடுக்கவில்லை. சீடர்களைத் தன்னிடம் கட்டி வைக்கவும் இல்லை, துரத்தியே விட்டார். மற்றவர்களுக்குக் கொடுத்த பட்டினியைத் தனக்கும் கொடுத்துக்கொண்டார். ஏமாற்றுகிறவனிடம் இவற்றில் ஒன்றையேனும் காணமுடியாது.

விரட்டப்பட்ட யோகர் 1910 ஆம் ஆண்டில் கால்நடையாகக் கதிர்காமம் புறப்பட்டார். கையில் பணம் இல்லை. கிழக்குக் கரையோரமாகக் காடும் ஆறும் கடந்து கந்தப்பெருமானைத் தரிசித்துத் திரும்பினார். திரும்பி வந்த பின்பும் தேரடியில் தங்க இடம் கிடைக்கவில்லை. 1915 ஆம் ஆண்டு செல்லப்பா சுவாமிகள் நோயுற்றிருந்தபோது யோகர் பார்க்கப் போனார். படலையடியில் காலடி கேட்டதும் உள்ளேயிருந்தபடியே வெளியே நின்று பார் என்று அதட்டிவிட்டார் குரு. யோகர் அப்படியே வெளியே நின்றார்; பின்பு திரும்பினார். அவ்வாண்டு பங்குனியில் செல்லப்பா சுவாமிகள் சமாதியடைந்தார். அந்த அதட்டலே கடைசி உபதேசம் என்று யோகர் சுவாமிகள் ஏற்றுக்கொண்டார் என்பர்.

அதன்பின் கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தின் கீழ் மழை வெயில் பாராமல் அவர் இருந்தார். ஊரார் அவரையும் விசரன் என்றே முதலில் நினைத்தனர். அன்பர்கள் வற்புறுத்தியபின்தான் ஒரு சிறு மண் குடிசைக்குள் குடிபுகுந்தார். வாழ்நாளெல்லாம் அந்தக் குடிசைதான்.

காலம் செல்லச் செல்ல அங்கே வந்தவர்களைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக் கமக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், கொழும்பிலிருந்து நீதிபதிகள், மந்திரிமார். நில அளவைத் திணைக்களத்தில் கடமை பார்த்த மார்க்கண்டு சுவாமிகள் ஒருபுறம். இலங்கையின் மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மகன் மறுபுறம். அவரைச் சந்தசுவாமி என்று எங்களவர் அழைத்தனர். ஜேர்மனியில் பிறந்த கௌரிபாலா சுவாமி இன்னொருவர். 1949 இல் வந்த அமெரிக்க இளைஞருக்குச் சுப்பிரமுனிய என்ற நாமத்தைச் சுவாமிகள் சூட்டினார். அவர் பின்னாளில் ஹவாய்த் தீவிலே சைவ ஆதீனம் அமைத்தார். ஒன்றுக்கொன்று பொருந்தாத கூட்டம். ஒருவரை மௌனமாயிருக்கச் சொல்வார், மற்றவரைப் போய் வேலையைச் செய் என்பார். ஒருவருக்குத் தேவாரம் பாடச் சொல்வார், இன்னொருவரை வாசலிலேயே ஏசித் திருப்பியனுப்புவார். கொழும்புத்துறைக்குப் போனவர்கள் படலையடியில் நின்று, இன்றைக்குச் சுவாமியின் நிலை எப்படி என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்களாம். ஏச்சு விழும் சத்தம் கேட்டால் மெல்லத் திரும்பிவிடுவோரும் இருந்தனர். அவருக்கு ஒருவரில் பட்சம், ஒருவரில் வெறுப்பு என்று முறைப்பட்டவர்களும் இல்லாமலில்லை. தேரடியில் நின்றபோது தமக்குள் எழுந்திருக்கக்கூடிய அதே சந்தேகத்தைப் பிறர் தம்மேல் கொள்வதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கம் சொல்லவில்லை. குருவும் சொல்லவில்லை அல்லவா?

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. செல்லப்பா சுவாமிகள் கதவைப் பூட்டியே வைத்தார். யோகர் சுவாமிகள் ஏசினாலும் நோயாளி வீட்டுக்கும் சாவீட்டுக்கும் தாமே நடந்து போனார். சிவதொண்டன் என்ற மாத இதழ் அவர் அருளால் தொடங்கியது. 1953 இல் வண்ணார்பண்ணையில் சிவதொண்டன் நிலையம் அமைந்தது. பேச்சும் பிரசங்கமும் அங்கே வேண்டாம், தியானமும் திருமுறையும் போதும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. அவர் பாடிய பாடல்கள் நற்சிந்தனை என்ற நூலாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

1961 இல் தாம் வளர்த்த பசுவுக்குத் தீனி கொடுக்கப் போன இடத்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. நாட்டையெல்லாம் நடந்து அளந்தவர் சக்கர நாற்காலியில் இருக்க வேண்டியதாயிற்று. அதையும் சிவன் செயல் என்றே ஏற்றார். 1964 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24 ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை அதிகாலையில், தமது 91 ஆவது வயதில் சிவபதம் எய்தினார்.

குருவுக்கும் சீடருக்கும் பங்குனி மாதத்திலேயே குருபூசை. செல்லப்பா சுவாமிகளுக்கு அச்சுவினி நட்சத்திரம். யோகர் சுவாமிகளுக்கு ஆயிலியம். எமது ஊரிலிருந்து ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குச் செல்லும் அடியார்கள் சுவாமி வாசலைத் தரிசித்ததும் பஸ் நேரத்தைப் பார்த்து ஓடிவிடாமல், தேரடிப் பக்கமும் சற்று நின்று கும்பிட்டு வாருங்கள். கச்சேரி உத்தியோகத்தை விட்ட ஒருவரும் கிளிநொச்சிக் களஞ்சியத்தை விட்ட ஒருவரும் முதன்முதல் முகம் பார்த்த இடம் அது.