நினைவைக் கோத்த நரசிம்மன்

இந்தச் சுவரில் காந்தித் தாத்தா, பாரதியார், கலாம் ஐயா எல்லாரையும் படிச்சாச்சு. நான் எழுதுவது ஆர். நரசிம்மன் ஐயா பற்றி. யாருன்னு கேக்குறீங்களா? சொல்றேன்.

போன மாசம் அப்பா செல்லுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அதில் எங்க ஊர்ப் பேர் பொதட்டூர்பே என்று நின்று, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. ஊரையே வெட்டிட்டாங்கன்னு அப்பா சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை. கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டேன். அப்படித்தான் இந்த ஐயாவின் கதை தெரிந்தது.

நரசிம்மன் 1926-ல் சென்னையில் பிறந்தார். கிண்டியில் இன்ஜினியரிங் படித்தார். பிறகு அமெரிக்கா போய் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் 1954-ல் பம்பாயில் ஹோமி பாபா நடத்திய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் வந்து சேர்ந்தார். நம் நாட்டிலேயே ஒரு டிஜிட்டல் கம்ப்யூட்டரை வடிவமைத்துக் கட்டும் குழுவுக்கு அவர் தலைவர். குழுவில் இருந்த இளைஞர்களுக்குக் கம்ப்யூட்டர் கட்டிய பழக்கமே கிடையாது. முதலில் சின்னதாக ஒரு மாதிரி இயந்திரம் செய்து பார்த்தார்கள். அது ஓடியது. அப்புறம்தான் பெரியதில் கை வைத்தார்கள். 1960-ல் அது வேலைக்கு வந்தது. 1962-ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பேர் வைத்தார்.

அது மேசையில் வைக்கிற கம்ப்யூட்டர் இல்லை. 18 அடி நீளம், 8 அடி உயரம் உள்ள இரும்புச் சட்டம். உள்ளே 2,700 வெற்றிடக் குழாய்கள். எனக்கு ரொம்பப் பிடிச்சது அதோட நினைவகம்தான். ஏன்னா அது அப்படியே நம்ம தறி!

பொடிப்பொடி காந்த வளையங்கள். அவற்றின் உள்ளே பாவு மாதிரி நெடுக்கே கம்பி, ஊடை மாதிரி குறுக்கே கம்பி. வளையத்தின் காந்தம் ஒரு பக்கம் சுற்றினால் 1, மறுபக்கம் சுற்றினால் 0. நெடுக்கில் பாதி மின்சாரம், குறுக்கில் பாதி மின்சாரம் விட்டால், இரண்டும் சந்திக்கிற ஒரே ஒரு வளையம் மட்டும் மாறும். படித்துப் பார்த்தால் எழுதினது அழிஞ்சுடும். அதனால் படிச்ச உடனே திரும்ப எழுதிடணும். டிஃப்ராக்கில் 2,048 சொல், ஒவ்வொன்றிலும் 40 இடம். பெருக்கினால் 81,920 இடம். எதை எங்கே வைப்பது என்பதை 0, 1 என்றே மனிதர்கள் எழுதிக் கொடுக்கணும்.

இப்போ அந்தக் கஷ்டம் இல்லை. 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் சின்னச் சின்ன உதவியாளர்கள் இருக்காங்க. ஒருத்தர் எழுத்துச் சரத்தின் நீளத்தை எண்ணுவார். ஒருத்தர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகல் எடுப்பார். சரம் எங்கே முடியுதுன்னு எப்படித் தெரியும்? கடைசியில் ஒரு பூஜ்யம் இருக்கும். அதைப் பார்க்கும்வரை நிறுத்த மாட்டார். போய்ச் சேருகிற இடம் சின்னதா இருந்தால் பக்கத்து வீட்டிலும் எழுதிடுவார், அங்கே இருந்தது அழியும். அதுக்குப் பயந்து அளவு சொல்லி விட்டால், அளவு தீர்ந்ததும் பாதியில் வெட்டிடுவார்.

எங்க ஊருக்கு நடந்தது இந்த இரண்டாவதுதான். பொதட்டூர்பேட்டை நமக்கு 8 எழுத்து. கம்ப்யூட்டருக்குப் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி, மொத்தம் 15 துண்டு. யூனிகோடில் வழக்கமாக எழுதுகிற முறையில் துண்டுக்கு 3 பைட், ஆக 45. கடைசி பூஜ்யத்தோடு 46. யாரோ 35 இடம்தான் விட்டிருப்பாங்கன்னு சாரும் நானும் கணக்குப் போட்டோம். 33-ல் பே முடிஞ்சுடுது. மிச்சம் 2-ல் அடுத்த எழுத்து பாதிதான் நுழையும். அந்தப் பாதிதான் கேள்விக்குறி! டிஃப்ராக்கின் 81,920 இடத்தைப் பைட்டாக்கினால் 10,240. அதில் நம்ம ஊர்ப் பேரை 222 தடவை முழுசா எழுதலாம். இப்போ இருக்கிற செல்லில் ஒரு தடவைக்கு இடம் இல்லையாம்!

நரசிம்மன் ஐயா இந்தியக் கம்ப்யூட்டர் சங்கத்தின் முதல் தலைவராக இருந்தார். 1977-ல் பத்மஸ்ரீ பெற்றார். பிற்காலத்தில் குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்று ஆராய்ந்தார். 2007-ல் காலமானார். நான் அப்போ பிறக்கவே இல்லை.

அம்மா தினமும் தார் சுத்துறாங்க. பத்தாவது முடிச்சதும் நானும் உட்காரணும்னு வீட்டில் ஒரு பேச்சு இருக்கு. தறி வேலை எனக்குக் கேவலம் இல்லை. ஆனால் நம்ம ஊர்ப் பேருக்கு 46 இடம் வேணும்னு தெரிஞ்ச ஒருத்தர் அந்த நிரலை எழுதணும். அது நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளையா இருக்கணும். இதை அம்மாவிடமும் படிச்சுக் காட்டப் போறேன்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி