நாதமுனிகள் மரபில் ஒரு யோகாசாரியர்
ஸ்ரீ திருமலை கிருஷ்ணமாசாரியார் திருவரலாறு

திருவிழாக் காலங்களில் எம்பெருமான் கருடன் மீதும், ஆதிசேஷன் மீதும், சிறிய திருவடியாம் அனுமன் மீதும், சிம்ம வாகனத்தின் மீதும் ஆரோகணித்துத் திருவீதி எழுந்தருளும் காட்சியைக் கண்டு களிக்காத கண்கள் இல்லை. அத்திருநாமங்களையே யோக நூல்கள் உடலின் நிலைகளுக்கும் சூட்டியுள்ளன என்பதைப் பலர் அறியார். கருடாசனம், அனந்தாசனம், ஹனுமதாசனம், சிம்மாசனம் என்னும் பெயர்களைக் கேட்குந்தோறும் வீதியில் நாம் சேவிக்கும் வாகனங்களே நினைவில் எழுகின்றன. யோகம் வைணவ அன்பர்களுக்கு அயலான வித்தை அன்று. நம் ஆசார்ய பரம்பரையின் முதல்வராம் ஸ்ரீமந் நாதமுனிகளே மஹா யோகியாக விளங்கியவர். அவர் வழியில் தோன்றி, அழிந்ததாகக் கருதப்பட்ட செல்வத்தை மீட்பதே தம் வாழ்வின் பணியெனக் கொண்ட ஒருவரின் சரித்திரத்தை இங்குக் காண்போம்.

இழந்த செல்வம்

வீரநாராயணபுரம் எனப்படும் காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த நாதமுனிகள், திருக்குருகூர்த் திருப்புளியின் அடியில் அமர்ந்து, கண்ணிநுண் சிறுத்தாம்பு என்னும் பிரபந்தத்தைப் பன்னீராயிரம் உரு ஜபித்து, நம்மாழ்வாரின் அருளால் நாலாயிரத்தையும் பெற்று உலகுக்கு அளித்தார். யோக ரஹஸ்யம் என்றொரு நூலையும் அவர் அருளிச்செய்தார் என்பது பெரியோர் கூற்று. அந்த யோக வித்தையை அவரிடம் பெற்றவர் குருகைக் காவலப்பன். நாதமுனிகளின் திருப்பேரனாராகிய ஆளவந்தார் அதனைத் தமக்கு உபதேசிக்குமாறு குருகைக் காவலப்பனை வேண்ட, அவரும் தாம் பரமபதிக்கும் நாளைக் குறித்துக் கொடுத்து, அதற்குள் வருமாறு பணித்தார். ஆளவந்தாரோ அனந்தபத்மநாபனைச் சேவிக்கத் திருவனந்தபுரம் சென்றிருந்தார். அங்கே ஓலையை எடுத்துப் பார்த்தபோது, குறித்த நாள் அன்றைய தினமே என்று கண்டு பெரிதும் வருந்தினார் எனக் குருபரம்பரை வரலாறு கூறுகின்றது. அன்றோடு நாதமுனிகளின் யோகம் நம் ஸம்பிரதாயத்தில் மறைந்தது.

அவதாரமும் இளமையும்

அந்நாதமுனிகளின் வம்சத்தவர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் தாதாசாரியர் குடும்பத்தில், கர்நாடக மாநிலம் சித்ரதுர்க்கா மாவட்டத்து முசுகுந்தபுரம் என்னும் சிற்றூரில், 1888ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் கிருஷ்ணமாசாரியார் தோன்றினார். தந்தையார் ஸ்ரீநிவாஸ தாதாசாரியார், தாயார் ரங்கநாயகியம்மாள். ஐந்து வயதிலேயே பதஞ்ஜலியின் யோக சூத்திரங்களைத் தந்தையார் ஓதுவித்தார். பத்து வயதளவில் தந்தையாரை இழந்த சிறுவர், குடும்பத்துடன் மைசூர் சென்றார். அவருடைய பாட்டனாரின் தந்தையார் அப்போது மைசூர்ப் பரகால மடத்தின் பீடத்தை அலங்கரித்து வந்தார். ஸ்வாமி தேசிகன் ஆராதித்த லக்ஷ்மீ ஹயக்ரீவன் எழுந்தருளியுள்ள அம்மடத்தின் நிழலில், வேதமும் வியாகரணமும் வேதாந்தமும் அவருக்குக் கைவரப் பெற்றன.

பதினாறாம் பிராயத்தில் அவர் ஆழ்வார்திருநகரிக்கு யாத்திரை சென்றார். அங்கே நிகழ்ந்ததைப் பிற்காலத்தில் அவரே தம் மாணவர்க்குக் கூறியுள்ளார். திருப்புளியின் அருகே கண்ட முதியவர் ஒருவர் வழிகாட்ட, மாந்தோப்பு ஒன்றை அடைந்து, பசியாலும் களைப்பாலும் அங்கே மயங்கி வீழ்ந்தார். அந்நிலையில் மூன்று முனிவர்கள் காட்சி தந்தனர். நடுவில் வீற்றிருந்த நாதமுனிகள் யோக ரஹஸ்யத்தை இனிய குரலில் ஓதியருளினார். விழித்தபோது தோப்பையும் காணவில்லை; முனிவரையும் காணவில்லை. செவியில் விழுந்த சுலோகங்கள் மட்டும் நெஞ்சில் நின்றன. ஆளவந்தார் இழந்ததை எம்பெருமான் இச்சிறுவர்க்கு அளித்தான் என்று அன்பர்கள் இந்நிகழ்ச்சியைப் போற்றுவர்.

குருதக்ஷிணை

பின்னர்க் காசிக்குச் சென்று வித்துவான்களிடம் வியாகரணமும் தர்க்கமும் மீமாம்ஸையும் பயின்றார். இடையே மைசூருக்கு மீண்டு பரகால மடத்தில் வேதாந்தம் கற்றார். நாள்தோறும் ஏழு இல்லங்களில் மட்டுமே பிக்ஷை ஏற்று, கிடைத்த மாவை அடையாகச் சுட்டு உண்டு கல்வி கற்றார் என்பர். யோகத்தை முற்றும் அறிய விரும்பிய அவரை, பேரறிஞர் கங்காநாத ஜா இமயத்திற்கு அப்பால் வாழ்ந்த ராமமோஹன பிரம்மசாரியிடம் ஆற்றுப்படுத்தினார். கால்நடையாகச் சென்று மானஸரோவரப் பகுதியில் அம்மஹானை அடைந்து, ஏழரை ஆண்டுகள் அவரிடம் பயின்றதாகக் கிருஷ்ணமாசாரியார் கூறுவார்.

பயிற்சி முடிந்ததும் சீடர், குருதக்ஷிணையாக யாது அளிப்பது என வினவினார். பொன்னும் பொருளும் வேண்டாத குருநாதர், நாடு திரும்பி மணம் புரிந்து, இல்லறத்தில் இருந்துகொண்டே யோகத்தைக் கற்பிக்குமாறு ஆணையிட்டார். எளிதாகத் தோன்றும் இவ்வாணை எத்துணைக் கடினமானது என்பதை அடுத்த ஆண்டுகள் காட்டின. ஆறு தரிசனங்களிலும் தேர்ந்த அவருக்கு எந்த ஸமஸ்தானத்திலும் பண்டிதர் பதவி கிட்டியிருக்கும். பரகால மடத்தின் பீடத்தை ஏற்குமாறு அழைப்பு வந்தபோதும், குருவின் ஆணையை முன்னிட்டு அதனை மறுத்தார் என்பர். அக்காலத்தில் யோகம் கற்பிப்பவருக்கு மதிப்பும் இல்லை, வருவாயும் இல்லை. 1925இல் நாமகிரியம்மாளை மணந்தபின், ஹாஸன் பகுதியில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்து குடும்பம் நடத்தினார். உடுக்க வேறு துணியின்றி மனைவியாரின் புடவையில் ஒரு பகுதியைக் கிழித்து உடுத்த நாளும் உண்டு என்பர். இத்துணை வறுமையிலும் குருவுக்குக் கொடுத்த வாக்கை அவர் கைவிடவில்லை.

ஆசனங்களின் பெயரும் பொருளும்

அவர் பெருமையை அறிந்து ஆதரித்தவர் மைசூர் மஹாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார். 1933இல் ஜகன்மோஹன அரண்மனையில் கிருஷ்ணமாசாரியாரின் யோகசாலை தொடங்கியது. 1934இல் யோக மகரந்தம் என்னும் அவரது நூல் கன்னடத்தில் வெளிவந்தது. 1938இல் தமிழிலும் வெளிவந்தது.

யோகசாலையில் பயிலப்படும் ஆசனங்களின் பெயர்கள் பொருள் பொதிந்தவை. பனை போல் நிமிர்ந்து நிற்பது தாடாசனம். தாமரை மலர்ந்தாற்போல் பாதங்களைத் தொடைகள் மீது அமைப்பது பத்மாசனம். அங்கம் அனைத்தும் பயன் பெறுவதால் ஸர்வாங்காசனம். பச்சிமம் என்பது மேற்கு. கிழக்கு நோக்கி நின்று வழிபடுவோனுக்குப் பின்புறமே மேற்கு. ஆதலின் முதுகு முழுவதையும் நீட்டி முன்னே வளையும் நிலை பச்சிமதானாசனம் எனப்பட்டது. வழிபடுவோனின் உடலையே திசைகளின் அளவுகோலாகக் கொண்ட நுட்பத்தை இப்பெயரில் காணலாம்.

எம்பெருமானின் திருவவதாரங்களும் இப்பெயர்களில் விளங்குகின்றன. மத்ஸ்யாசனமும் கூர்மாசனமும் முதல் இரு அவதாரங்களை நினைவூட்டுவன. கை கால்களை உள்ளடக்கித் தலை தாழ்த்தும் கூர்மாசனம், ஆமை தன் உறுப்புகளை ஒடுக்குவதுபோல் புலன்களை ஒடுக்குக என்ற கீதாசார்யனின் உபதேசத்திற்கு உருவம் தருவது. ஒரு திருவடியை நிலத்திலும் மற்றொன்றை விண்ணிலும் வைத்து நிற்பது திரிவிக்கிரமாசனம். திருக்கோவலூரிலும் திருக்கச்சியிலும் உலகளந்த பெருமாளைச் சேவித்தவர்க்கு இதற்கு விளக்கம் வேண்டா. ஒருக்களித்துப் படுத்துக் கையால் தலையைத் தாங்கும் நிலை அனந்தாசனம். அரவணையில் பள்ளிகொண்ட கோலத்தை அது காட்டும். யோக சூத்திரம் செய்த பதஞ்ஜலியும் ஆதிசேஷனின் அம்சம் என்பர். இளையாழ்வாராகிய நம் எம்பெருமானாரும் அச்சேஷனின் அவதாரமே அன்றோ!

தண்டம் என்றால் கோல். கால்களை நீட்டிக் கோல் போல் நிமிர்ந்து அமர்வது தண்டாசனம். வைணவர்கள் பெரியோரை வணங்குவதைத் தண்டன் ஸமர்ப்பித்தல் என்றே கூறுவர். துவஜஸ்தம்பத்தின் முன் கோல் வீழ்ந்தாற்போல் வீழ்ந்து சேவிக்கும் ஒவ்வோர் அன்பரும், யோகியின் சொல்லையே தம் உடலால் உச்சரிக்கின்றார்.

ஆசனங்களை மூச்சுடன் இணைத்து, ஒன்றன்பின் ஒன்றாக முறைப்படி அமைக்கும் வழியைக் கிருஷ்ணமாசாரியார் விந்யாஸம் என்று வழங்கினார். வி என்பது சிறப்பு. ந்யாஸம் என்பது வைத்தல். சிறப்புற வைத்தலே விந்யாஸம். அந்த ந்யாஸம் என்னும் சொல்லே நம் ஸம்பிரதாயத்தில் சரணாகதியையும் குறிக்கும். ஸ்வாமி தேசிகன் ந்யாஸ தசகம், ந்யாஸ திலகம் எனத் தம் ஸ்தோத்திரங்களுக்குப் பெயரிட்டார். கையையும் காலையும் முறைப்படி வைக்கக் கற்றவன், இறுதியில் ஆத்மாவையே எம்பெருமான் திருவடியில் வைக்கக் கடவன். பதஞ்ஜலி கூறிய ஈசுவர ப்ரணிதானத்தைச் சரணாகதி என்றே கொண்ட கிருஷ்ணமாசாரியாரின் வாழ்வு முழுவதும் இக்கருத்தே ஊடுருவி நிற்கின்றது.

கிளைத்த மரம்

மைசூர் யோகசாலைக் காலத்தில் அவரிடம் பயின்றவர்கள் உலகெங்கும் யோகத்தைப் பரப்பினர். நாமகிரியம்மாளின் தம்பியாகிய பி. கே. எஸ். ஐயங்கார், நோயுற்ற இளைஞராக மைசூர் வந்து, 1937இல் புனே சென்று கற்பிக்கத் தொடங்கினார். அவர் வகுத்த முறை ஐயங்கார் யோகம் எனப் பெயர் பெற்றது. கே. பட்டாபி ஜோயிஸ் மைசூரிலேயே இருந்து கற்பித்த முறை, பதஞ்ஜலியின் எட்டு அங்கங்களை நினைந்து அஷ்டாங்க யோகம் எனப்பட்டது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்யாஹாரம், தாரணை, தியானம், ஸமாதி என்பவை அவ்வெட்டு. ஐரோப்பாவில் பிறந்த இந்திரா தேவி என்னும் பெண்மணியை முதலில் ஏற்க மறுத்த ஆசாரியர், மஹாராஜாவின் வேண்டுகோளால் ஏற்று, அவருடைய உறுதியைக் கண்டு உவந்து கற்பித்தார். அவ்வம்மையார் 1947இல் அமெரிக்காவில் யோகசாலை நிறுவினார். வேறு வேறு பெயர் பெற்ற இம்முறைகள் யாவும் ஒரே வேரினின்று கிளைத்தவை.

மைசூர் நாட்களில் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் கருவிகொண்டு ஆராய்ந்தபோது, தம் நாடித்துடிப்பை அறிய இயலாத அளவுக்கு அவர் அடக்கிக் காட்டினார். பிற்காலத்தில் மகனார் தேசிகாசார் அவ்வித்தையைத் தமக்குக் கற்பிக்க வேண்ட, அது அஹங்காரத்தை வளர்க்குமே அன்றி உலகுக்குப் பயன்படாது என்று ஆசாரியர் மறுத்துவிட்டார். வியக்கவைக்கும் ஆற்றல் வேறு, யோகம் வேறு என்பதே அவர் கொள்கை.

சென்னை வாழ்வும் பரமபதமும்

1940இல் மஹாராஜா காலமானார். ஆதரவு குன்றி, 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயது கடந்த நிலையில் மீண்டும் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டிய நிலை. 1952இல் சென்னைக்கு வந்து, விவேகானந்தா கல்லூரியில் யோகம் கற்பித்ததோடு, பிணியாளர்க்கு ஆசனம், பிராணாயாமம், உணவு, மருந்து இவற்றால் சிகிச்சையும் அளித்தார். வந்தவரின் வயது, வலிமை, தொழில், நோய் இவற்றை அறிந்தே பயிற்சியை வகுப்பார். அதற்கேற்பவே விநியோகம், அஃதாவது தக்கவாறு பயன்படுத்தல், என்னும் யோக சூத்திரச் சொல் பின்னாளில் இம்முறைக்குப் பெயராயிற்று. பெண்களுக்கு யோகம் இன்றியமையாதது என்று வலியுறுத்தி, தம் மனைவியார்க்கும் பெண்மக்களுக்கும் கற்பித்தார். வேற்று ஸமயத்தவர் வந்தால் அவரவர் நம்பும் தெய்வத்தையே தியானிக்கச் சொல்வார். தமக்கோ நாராயணனையன்றி வேறு தெய்வம் இல்லை. நாள்தோறும் தம் கையாலேயே திருவாராதனம் செய்து வந்தார்.

பொறியியல் கற்ற தேசிகாசார் தம் தொழிலைத் துறந்து தந்தையாரிடம் சீடராக அமர்ந்தார். 1976இல் அவர் சென்னையில் தொடங்கிய நிறுவனம் கிருஷ்ணமாசாரிய யோக மந்திரம் எனத் தந்தையின் பெயரைத் தாங்கியது. இளமையில் ஆழ்வார்திருநகரியில் செவியுற்ற யோக ரஹஸ்யத்தை ஆசாரியர் தம் மகனார்க்கு உபதேசித்தார். தொண்ணூற்றாறாம் பிராயத்தில் இடுப்பெலும்பு முறிந்தபோதும் அறுவை சிகிச்சையை ஏற்காது, படுக்கையில் இருந்தவாறே தமக்குரிய பயிற்சிகளைத் தாமே வகுத்துக்கொண்டார். நூறாண்டு நிறைந்து, 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் ஆசார்யன் திருவடி அடைந்தார்.

ஓலையில் குறித்த நாளைத் தவறவிட்டதால் ஒரு செல்வம் மறைந்தது. குருவின் ஆணையை ஒரு நாளும் தவறவிடாததால் ஒரு செல்வம் மீண்டது. 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21ஆம் நாளை உலகம் யோக தினமாகக் கொண்டாடுகின்றது. அந்நாளில் பல தேசத்தார் உச்சரிக்கும் ஆசனப் பெயர்களுள் கருடனும் அனந்தனும் திரிவிக்கிரமனும் எழுந்தருளியிருப்பதை நாம் அறிவோம். திருவீதியில் பெருமாளைச் சேவித்துத் தண்டன் ஸமர்ப்பிக்கும் அன்பர்கள், அவ்வேளையில் இந்த ஆசாரியரையும் நினைந்து, ஆத்மாவை அவன் திருவடியில் வைக்கும் ந்யாஸத்தைப் பெற்று உய்வார்களாக.

சுபம்