நிலைகளை எண்ணிய மேதை



கையில் செல்போனோடு வராந்தாவில் நடக்கிறோம். பின்னால் விட்டு வந்த வைஃபை ஆக்சஸ் பாயிண்டை விட்டுவிட்டு, முன்னால் இருப்பதை அது தானாகப் பிடிச்சுக்குது. இதுதான் ரோமிங். அந்த புரோகிராமைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆலன் டூரிங் ஞாபகம்தான் வரும்.

1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். தந்தை சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. தாயார் பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூரில்! பெற்றோர் இந்தியாவில் இருந்ததால், பிள்ளை இங்கிலாந்தில் பிறர் வீட்டில் வளர்ந்தது.

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், 1936-ல் ஒரு கற்பனை இயந்திரத்தைப் பற்றி எழுதினார். எவ்வளவு பெரிய கணக்கானாலும், அது ஒரு நேரத்தில் ஒரே நிலையில்தான் இருக்கும். இந்த நிலையில் இந்தக் குறியைக் கண்டால் இதைச் செய், அடுத்து இந்த நிலைக்குப் போ... அவ்வளவுதான், ஒரு அட்டவணை!

ரோமிங்கிலும் இதேதான். 'அடையாளச் சோதனை முடிஞ்சதா', 'இணைப்பு ஆச்சா'ன்னு இரண்டு ஃபிளாக் வைத்தால் நான்கு சேர்க்கை வரும். சோதனை முடியாமலே இணைப்பு ஆனது என்பதற்கு அர்த்தமே இல்லை! அதனால்தான் 1997-ல் வந்த 802.11 தரம் மூன்றே நிலைகளை வைத்தது. ஃபிளாக் ஐந்தானால் சேர்க்கை 32. பொருந்தாத ஒன்றில் புரோகிராம் மாட்டிக்கிட்டா, விட்டு வந்த ஆக்சஸ் பாயிண்டையே நம்பி நிற்கும். பேச்சு பாதியில் அறுந்துபோகும். எல்லா ஃபிளாக்கையும் எடுத்துவிட்டு ஒரே நிலை, ஒரே அட்டவணைன்னு எழுதினால் புரோகிராமும் சுருங்கும், பிழையும் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாம் உலகப்போரில், பிளெட்ச்லி பார்க்கில், ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைக்க டூரிங் ஒரு இயந்திரம் வடிவமைத்தார். இருக்கவே முடியாத அமைப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவதுதான் அதன் வேலையும்!

நாட்டைக் காக்க உழைத்தவருக்கு நாடு என்ன செய்தது? தன்பாலின உறவைக் குற்றமாக்கி 1952-ல் தண்டித்தது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சை. 1954 ஜூன் 7-ல், 41 வயதில், சயனைடு நஞ்சால் உயிர் போயிற்று. அரச மன்னிப்பு வந்தது 2013-ல்! மன்னிப்பைக் கேட்க அவர்தான் இல்லை.

நண்பர்களே! புராஜெக்டில் இன்னொரு ஃபிளாக் சேர்க்கும் முன் பேனாவை எடுங்க, காகிதத்தில் நிலைகளை எண்ணுங்க. போத்தனூரில் பிறந்த தாயின் மகனுக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே!